ஒரு வாக்கு வித்தியாசத்தில்

மார்ச் 23, சனி

கட்சிக்காரர்கள் என்னையே தெரிவுசெய்துவிட்டார்கள். மே இரண்டாம் தேதி நடக்கப்போகும் கொவென்ட்ரி மாநகரசபைத் தேர்தலில் ஹெய்ஸ்வூட் வட்டாரத்துக்கு நான் வேட்பாளர். ஐம்பத்தெட்டு வயதில், பத்தொன்பது வருடம் மருந்துக்கடையில் நின்று வீங்கிய காலோடு. இந்த வட்டாரத்தில் யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், யார் மருந்தை வாங்கிப்போட்டுக் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பதினொரு பேர் எனக்குக் கை தூக்கினார்கள். மற்ற ஆளுக்கு நாலு பேர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். இவர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லது," என்றார். இன்னும் இரண்டு கத்தரிக்காயை வெட்டி முடித்துவிட்டு, "அப்ப பிக்கரிங் இந்த முறை நிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"நிக்கிறார். அவரை எதிர்த்துத்தான் நான் நிக்கிறன்."

"ஓ," என்றார்.

பிக்கரிங் இங்கே இருபத்துநாலு வருடமாகக் கவுன்சிலர். அதற்கு முன்பு, இவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தொழிற்சங்கத் தலைவர். 1994இல் இவருடைய வலது கை இயந்திரத்தில் அகப்பட்டுச் சுட்டுவிரல் மடங்காமல் போனபோது, இனி இந்த ஆள் உதவாது என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். பிக்கரிங்தான் நிர்வாகத்தோடு சண்டை பிடித்துக் களஞ்சியத்தில் வேலை எடுத்துக்கொடுத்தார். எங்கள் அகதி வழக்குக்கும் கடிதம் எழுதினார். அதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக அந்த மனுசன் என்னை "மிஸஸ் குணா" என்றுதான் கூப்பிடுகிறார். இவருடைய குணநாயகம் என்ற பெயரைப் பாதியாக வெட்டி, அதில் எனக்கும் ஒரு துண்டு. திலகவதி என்பது அவ்வளவு கஷ்டமான பெயரா?

கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டார். நான் மேலால் உப்புத் தூவிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

வேட்புமனு கொடுத்தாயிற்று. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தை இவரைத்தான் போடச் சொன்னேன்.

"வெளி ஆக்கள் போட்டால்தானே மதிப்பு. புருசன் போட்டால் சிரிப்பினம்," என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரியான கதைதான். பக்கத்து வீட்டு ஷீலா போட்டாள். இவருக்கு எப்போதும் நல்ல புத்தி.

ஏப்ரல் 11, வியாழன்

துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது, மூவாயிரம் பிரதி. என் படம் நன்றாக விழுந்திருக்கிறது, மருந்துக்கடை வாசலில் நின்று எடுத்தது. படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில்: "இருபத்துநாலு வருடம். ஹெய்ஸ்வூட்டுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை."

அந்த வரி என்னுடையதல்ல. என் தேர்தல் முகவர் டீன் எழுதியது. பகலில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிக்கிறார், மாலையில் என்னைப் படிப்பிக்கிறார். போன கிழமை எனக்கு அனுப்பிச் சம்மதமா என்று கேட்டார். நான் கடையில் வேலையாக இருந்தேன். சரி என்று பதில் போட்டேன்.

இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் சரி என்று போட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

இவர் ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, நின்றபடியே வாசித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். படம் நல்லாயிருக்கோ என்று கேட்டேன். "படம் நல்லாயிருக்கு," என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. கோயில் மண்டபத்தில் நூற்றைம்பது சனம். வடை பரிமாறினேன், கை கொடுத்தேன், குழந்தைகளைத் தூக்கினேன். "எங்கடை பொம்பிளை ஒராள் அங்கை போய் இருக்கவேணும்," என்று ஒரு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். முப்பது வருடம் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தே கழிந்தது. ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், பொலிசில் எல்லாம் வேறு யாரோ சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஒருநாளாவது நான் சொல்வதை நாலு பேர் எழுதிக்கொள்ளவேண்டும் என்று ஆசைப்படுவது பிழையா?

இவர் முழுநேரமும் சப்பாத்து வைக்கும் இடத்தில் நின்று ஆட்களோடு கிரிக்கெட் கதைத்தார்.

ஏப்ரல் 20, சனி

இவர் நல்ல மனுசன். கால் நோவோடு எட்டுத் தெருவுக்குத் துண்டுப்பிரசுரம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆனால் லார்ச் வீதிக் கட்டு அப்படியே கார் டிக்கிக்குள் கிடந்தது.

"அந்தத் தெருவிலை ஒரு பெரிய நாய் நிக்குது," என்றார்.

லார்ச் வீதியில் பிக்கரிங் இருக்கிறார். நாய் இல்லை.

நானே போனேன். எல்லா வீட்டுக்கும் போட்டு, அவருடைய வீட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். பயந்து போனதாக ஆகிவிடுமே என்று அங்கும் போடக் குனிந்தேன். கதவு திறந்தது. பிக்கரிங்குக்கு இப்போது எழுபத்தாறு வயது, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார். மனைவி போன வருடம் காலமாகிவிட்டா. என் கையிலிருந்தே அதை வாங்கி முழுதாக வாசித்தார். அந்த வரியையும் வாசித்தார்.

"படம் நன்றாக இருக்கிறது, மிஸஸ் குணா. உள்ளே வாருங்கள், தேநீர் போடுகிறேன்."

"இன்னும் முப்பது வீடு இருக்கிறது," என்றேன்.

"குணாவின் கை எப்படி? குளிருக்கு நோகிறதா?"

நோவதாகச் சொன்னேன். அவருக்குத் தெரியாத கதையா! திரும்பி வரும்போது கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 27, சனி

கதவு தட்டியது நூற்றுப்பத்து. திறந்தது நாற்பத்தொன்று. ஒரு வீட்டில் என்னிடம் இருமலுக்கு மருந்து கேட்டார்கள்.

மே 2, வியாழன்

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு இப்போதுதான் வந்தேன். வாக்குச்சாவடி பாலர் பள்ளியில். நான் காலையிலேயே போட்டுவிட்டேன். என் முழுப்பெயரையும் அச்சில் பார்த்தபோது, ஒரு எழுத்தும் குறையாமல் இருந்ததைப் பார்த்தபோது, பென்சிலைப் பிடித்தபடி சற்று நேரம் சும்மா நின்றேன்.

பத்து மணிக்கு இவர் வந்தார். செத்தவீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும். நான் வாசலில் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிக்கரிங் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு, அடையாளம் காட்டச் சாரதி அனுமதிப்பத்திரத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வர நேரமெடுத்தது.

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு."

"எல்லாம் சரிதானே?"

"ஓம். நீர் ஏதும் சாப்பிட்டனீரோ?"

கைப்பைக்குள் இடியப்பப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

மே 3, வெள்ளி

வென்றுவிட்டேன். ஆயிரத்து இருநூற்று மூன்று. பிக்கரிங் ஆயிரத்து இருநூற்று இரண்டு.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

விளையாட்டு மண்டபத்தில் காலை பத்து மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். எங்கள் மேசைக்கு மதியம் முடிவு வந்தது: இரண்டு பேருக்கும் சரிசமம், தலைக்கு ஆயிரத்து இருநூற்று மூன்று. அப்படி வந்தால் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுப்பார்களாம். டீன் உடனே மறுபடி எண்ணவேண்டும் என்று கேட்டார். எண்ணினார்கள். அந்த நேரத்தில்தான் பிக்கரிங்கின் கட்டுக்குள் ஒரு வாக்குச்சீட்டை டீன் கண்டார்.

"இதில் ஏதோ எழுதியிருக்கிறது!"

பிக்கரிங்கின் பெயருக்கு நேரே சரியான புள்ளடி, பெருக்கல் குறி போல. சீட்டின் உச்சியில், நடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு.

எங்கள் சைவச் சனத்தில் பாதிப் பேர் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் சுழி போட்டுத்தான் தொடங்குவார்கள். வங்கிப் படிவத்திலும் போடுவார்கள், பிறந்தநாள் அட்டையிலும் போடுவார்கள். ஹெய்ஸ்வூட்டில் நானூறு தமிழ் வாக்கு இருக்கிறது. யாரும் போட்டிருக்கலாம்.

ஆனால் சுட்டுவிரல் மடங்காத ஒருவர் சுழி போட்டால் அதன் வால் நேரே நீளாது. மேலே எழும்பி, திரும்பி வந்து, இரண்டு கோட்டையும் வெட்டிக்கொண்டு போகும். முப்பது வருடமாக எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கடைச் சாமான் பட்டியல் ஒவ்வொன்றிலும் அந்த வாலைப் பார்க்கிறேன். இவர் போட்டது. இவர் பிக்கரிங்குக்குப் போட்டிருக்கிறார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

தேர்தல் அதிகாரி ஒரு பெண், பொறுமையானவர். சீட்டை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். "சும்மா கிறுக்கல் என்றால் வாக்குச் செல்லும். வாக்காளர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்தோ கையொப்பமோ என்றால் செல்லாது," என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸஸ் குணநாயகம், இது உங்கள் மொழியா?"

"தமிழ் எழுத்துப் போல இருக்கிறது."

"யாருடைய பெயரினதும் முதலெழுத்தாக, கையொப்பமாக இருக்குமா?"

டீன் என்னைப் பார்த்தார். பிக்கரிங்கும் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றேன்.

அதிகாரி பிக்கரிங்கிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். "எனக்கு அந்த மொழி தெரியாது. மிஸஸ் குணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார் அந்த மனுசன். சீட்டின் மேல் நிராகரிக்கப்பட்டது என்று முத்திரை குத்தினார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். முடிவெடுத்தது அதிகாரி. யாருடைய வாக்கு என்று வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். எண்ணுமிடத்துக்குள் போகும்போதே இரகசியம் காக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே நான் என்ன செய்திருக்க முடியும்?

வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலில் நின்றார். "வெண்டிட்டீரோ?" தலையாட்டினேன். உள்ளே போய்ச் சீனி எடுத்துவந்து என் வாயில் போட்டார். கண் கலங்கியிருந்தது. "எத்தினையாலை?" என்று கேட்டார்.

"ஒண்டாலை," என்றேன்.

அந்தச் சீனியை விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மே 5, ஞாயிறு

டீனும் கட்சிக்காரர் ஆறு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம். இவர்தான் பாதி சமைத்தது. இரண்டு நாளாக இவரோடு நான் அளந்து அளந்து கதைக்கிறேன். இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நடுவில் டீன் கதை சொல்லத் தொடங்கினார். மறித்திருப்பேன், ஆனால் என் வாயில் சோறு. "ஒரே ஒரு சீட்டு! மேலே இப்படி ஒரு வளைவு," என்று கடதாசித் துடைப்பானில் கீறியே காட்டிவிட்டார். வாலை மேலே தூக்கி, கோடுகளை வெட்டி, அச்சொட்டாக. பூகோள வாத்தியார், படம் கீறத் தெரியாதா? "திலா ஒரே ஒரு சொல் சொன்னாள். முடிந்தது. குணா, உங்களுடைய மனைவி கெட்டிக்காரி!"

இவர் சோற்றுச் சட்டியோடு டீனுக்குப் பின்னால் நின்றார். குனிந்து அந்தத் துடைப்பானைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பருப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று டீனிடம் கேட்டார்.

மே 6, திங்கள்

அரச விடுமுறை. வெயில் எறித்தது. இவர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன், கதைக்கத்தான் போனேன். இவரே தொடங்கினார்.

"நான் அவருக்குத்தான் போட்டனான்."

"தெரியும்."

"உமக்குப் போடவெண்டுதான் போனனான். பென்சிலை எடுத்த பிறகு கை அவரிட்டைப் போட்டுது. முப்பது வருசம் உம்மோடைதானே நிக்கிறன். அந்தப் பெட்டிக்குள்ளை ஒரு நிமிசம் அவரோடை நிண்டனான். வீட்டை வந்து உம்மட்டைச் சொல்லத்தான் இருந்தனான். நீர் வெண்டாப் பிறகு சொல்ல மனம் வரேல்லை. அது நான் உமக்குச் செய்த பிழை."

ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

"அதிகாரி உம்மட்டைக் கேட்டவவோ?"

"ஓம்."

"அது என்னெண்டு உமக்குத் தெரியுந்தானே."

"தெரியும்."

"அப்ப ஏன்?"

"எனக்கெதிராப் போட்டுப்போட்டு, எண்ணேல்லை எண்டு என்னட்டையே முறையிடுறீங்களோ?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டு ஷீலா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

இவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"ஊரிலை முதல் முதல் வாக்குப் போடப் போன நாள் சாவடிக்குப் பூட்டு. ஆமிக்காரன் திருப்பி அனுப்பினவன். இஞ்சை வந்து ஏழு வருசம் பேப்பர் இல்லை, கணக்கிலேயே இல்லை. என்னையும் ஒரு ஆளா எண்ணினது இந்த வாக்கு ஒண்டுதான். நீர் என்னோடை கோவிச்சிருக்கலாம், திலகம். ரெண்டு நாள் சமைக்காமல் விட்டிருக்கலாம். என்ரை வாக்கை எண்ண விட்டிருக்கலாம்."

மிச்ச உடுப்பையும் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெறும் கூடையோடு அங்கேயே நின்றேன்.

மே 9, வியாழன்

மாநகரசபையில் பதவியேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். புகைப்படம் எடுத்தார்கள். இவருக்குக் கால் நோவாம், வரவில்லை.

மே 13, திங்கள்

இவர் ஒவ்வொரு நாளும் லார்ச் வீதிக்குப் போய் வருகிறார். பிக்கரிங் வீட்டு வேலியைக் கத்தரிக்கிறாராம். எவ்வளவு பெரிய வேலி என்று நான் கேட்கவில்லை. அவரிடம் இவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருக்கும் போல இருக்கிறது.

மே 18, சனி

என் முதல் குறைகேட்கும் நாள். வட்டார நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கட்டு முறைப்பாட்டுப் படிவம். பத்து மணிக்கே ஆறு பேர் காத்திருந்தார்கள். நூலகப் பெண் இலக்கம் கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள்.

முதலாவது ஆளுக்குக் குப்பைத்தொட்டி வரவில்லை. இரண்டாவது, வீதி விளக்கு. மூன்றாவது ஒரு சோமாலியத் தாய், வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம், பிள்ளைக்கு மூச்சு முட்டு. இரண்டு பக்கம் எழுதினேன். அவ என் கையைப் பிடித்து நன்றி சொன்னா. இதற்காகத்தானே வந்தேன் என்று மனம் நிறைந்தது.

நாலாவது ஆளாக இவர் வந்தார்.

கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி. இலக்கத் துண்டை மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று விளங்கியது.

"இஞ்சை என்ன செய்யிறீங்கள்?"

"எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கு. இந்த வட்டாரத்துக்குக் கவுன்சிலர் நீர்தானே. வேறை ஆரிட்டைச் சொல்ல?"

வெளியே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நூலகப் பெண் கண்ணாடிக்கு அப்பால் நின்றாள். நான் படிவத்தை எடுத்தேன். கை தானாகவே எடுத்தது.

"பெயர்?"

"வேலுப்பிள்ளை குணநாயகம்."

"விலாசம்?"

சொன்னார். என் வீட்டு இலக்கத்தை, என் தெருவை, என் தபால் குறியீட்டை, யாரோ ஒருவருடையதைப் போல எழுதினேன்.

"விபரம்?"

"மே மாதம் இரண்டாந் தேதி நான் போட்ட வாக்கை எண்ணேல்லை. அது செல்லுபடியான வாக்கு. ஏன் எண்ணேல்லை எண்டு எனக்குத் தெரியவேணும்."

அதையும் அவர் சொன்னபடியே எழுதினேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் இருக்கிறது: கவுன்சிலருக்கு இதுபற்றித் தெரிந்தவை. மற்ற மூன்று பேருக்கும் அதில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

இந்த நாட்குறிப்பில் பதினைந்து நாளாக என்னென்னவோ எழுதிவிட்டேன். அதிகாரி முடிவெடுத்தார், சட்டம், இரகசியம் என்றெல்லாம். அந்தக் கட்டத்துக்குள் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்: "அந்தச் சீட்டில் இருந்தது பெயரும் இல்லை, கையொப்பமும் இல்லை. எங்கள் சனம் எதையும் தொடங்கும்போது போடும் வழிபாட்டுக் குறி. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் கணவர் எனக்குப் போடவில்லை என்ற கோபத்தில் அதைச் சொல்லாமல் விட்டேன்." கீழே என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இவர் மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். கடைசி வரியை இரண்டாந்தரமும் வாசித்தார்.

"இதைக் குடுத்தால் உம்மைப் பதவியிலை இருந்து எடுத்துப்போடுவினமே, திலகம்."

"எடுக்கட்டும்."

"நான் இதுக்கு வரேல்லை. நீர் என்ரை முகத்தைப் பாத்து நான் சொல்லுறதை ஒருக்கால் கேட்டால் போதுமெண்டுதான் வந்தனான்."

"தெரியும். இலக்கம் எடுத்து வந்தனீங்கள்தானே, முறைப்படி போகட்டும்," என்றேன். இவர் மேசைக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். நூலகப் பெண் அடுத்த ஆளை அனுப்பவா என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

மே 20, திங்கள்

காலை ஒன்பதரைக்கு இரண்டு பேருமாகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தோம். முறைப்பாடு யார் மேல் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். என் மேல் என்றேன்.